அட்டையில் யானை, உள்ளே ஏரி

அட்டையில் யானை நின்றுகொண்டிருந்தது.

உத்தமன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். யானை போகவில்லை. முன்னால் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு முறைத்தாள். அவள் தோளுக்குப் பின்னால், கல்யாண போட்டோவில் கூப்பிடாமலே வந்து நிற்கும் தூரத்து உறவுக்காரர் மாதிரி அந்த யானை.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"சிவகாசியிலேருந்து," என்றார் திருவேங்கடம்.

"அட்டை சிவகாசியிலேருந்துதான் வரும் சார். யானை எங்கேருந்து வந்துச்சு?"

திருவேங்கடம் அம்பத்தூரில் அச்சகம் வைத்து, 'மர்ம மேகம்' என்ற மாத நாவலைப் பத்து வருடமாக நடத்தி வருபவர். அவர் தொழிலில் ஒரு முறை உண்டு. முதலில் தலைப்பு, அப்புறம் அட்டை, கடைசியில்தான் கதை. அட்டை சிவகாசியில் நாலு கலரில் அச்சாகி லாரியில் வந்து இறங்கிவிடும். அதற்குத் தக்கபடி உள்ளே இருப்பதை எழுத்தாளர் சரிசெய்துகொள்ள வேண்டும். சட்டையை முதலில் தைத்து வைத்துக்கொண்டு ஆளைத் தேடுகிற வியாபாரம்.

"படம் போடுறவருக்குக் கோயில் காலண்டர் வேலையும் கூடவே இருந்துச்சாம். அந்த யானை கொஞ்சம் தள்ளி வந்து நம்ம அட்டையில நின்னுடுச்சு. அஞ்சாயிரம் அட்டை அச்சாயிடுச்சு. இனிமே என்னால யானையை எறக்க முடியாது. நீங்கதான் கதையில ஏத்தணும்."

"என் கதை அரக்கோணம் பாசஞ்சர்ல நடக்குது சார்."

"ஏன், யானை ஸ்டேஷனுக்கு வரக் கூடாதுன்னு சட்டமா?"

"கதை முக்கால்வாசி யோசிச்சாச்சு..."

"போன வருஷம் அட்டையில நீச்சல் குளம் இருந்துச்சு. உள்ளே ஒருத்தர்கூடக் குளிக்கல. பதினோரு பேர் கடிதாசி போட்டுத் திட்டினாங்க. வாசகனை ஏமாத்தலாம் சார். அட்டையைப் பார்த்து வாங்குனவனை ஏமாத்த முடியாது."

ஈய எழுத்துப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று அச்சுக் கோத்துக்கொண்டிருந்த லோகநாதன் திரும்பிப் பார்த்தார். ஐம்பது வயதுக்காரர், பக்கத்து மேனாம்பேட்டில் பிறந்து வளர்ந்தவர். இருபத்தைந்து வருடமாக நின்றபடியே அடுத்தவர் கதைகளைக் கோத்துக் கோத்து, அவற்றைப் பற்றிச் சொந்த அபிப்பிராயமும் வளர்த்து வைத்திருந்தார்.

"சார், யானைய மட்டும் சாவடிச்சிராதீங்க. போன மாசம் குதிரைய சாவடிச்சீங்க. ரெண்டு நாளு எனக்கு சோறு எறங்கல."

"அது கதைக்குத் தேவைப்பட்டுது லோகநாதன்."

"குதிரைக்கு இன்னா தேவ சார் அது?"

திருவேங்கடம் இருவரையும் கையமர்த்தினார். "புதன்கிழமை தொண்ணூத்தாறு பக்கம் என் மேசையில இருக்கணும். ஒண்ணாந்தேதி புத்தகம் கடையில தொங்கணும். இது பன்னெண்டாவது நாவல். ஞாபகம் இருக்குல்ல?"

இருக்காதா? அந்தப் பன்னிரண்டுக்காகத்தான் உத்தமன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதிவந்தார்.

உத்தமன் ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. குவார்ட்டர்ஸில் வீடு. 'வஜ்ரவேல்' என்ற பெயரில் மாதம் ஒரு துப்பறியும் நாவல். பதினோரு மாதத்தில் இருபத்தேழு மனிதர்களையும் ஒரு குதிரையையும் தீர்த்துக் கட்டியிருந்தார். ஆனால் அவர் மனசு அங்கே இல்லை. அது 'ஏரி'யில் கிடந்தது.

'ஏரி' அவர் பதினோரு வருடமாக எழுதிவந்த இலக்கிய நாவல். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த முதல் நாள், ரயில் ஜன்னல் வழியாக அம்பத்தூர் ஏரியையும், வயல் இருந்த இடத்தில் வரிசையாக நின்ற தொழிற்பேட்டைக் கொட்டகைகளையும் பார்த்தார். அந்த வயல்களில் நாற்று நட்டவர்கள் இப்போது எங்கே என்று ஒரு கேள்வி நெஞ்சில் தைத்தது. அன்றைக்குப் பேனாவை எடுத்தவர்தான். அறுநூற்று நாற்பது பக்கம் ஆகியிருந்தது. அந்த மக்களில் ஒருவரோடும் அவர் இதுவரை பேசியதில்லை. பேசினால் கற்பனை கெட்டுவிடும் என்பது அவர் கட்சி.

'ஏரி'யைப் போடச் சொல்லி அவர் கேட்டபோது திருவேங்கடம் ஒரு நிபந்தனை விதித்தார். "பன்னெண்டு கொலை நாவல் தேதி தவறாம குடுங்க. பதிமூணாவதா உங்க ஏரியை வெட்டிடுவோம். உங்க சொந்தப் பேர்லயே." ஒன்று தவறினாலும் பேச்சு ரத்து.

அதனால்தான் உத்தமன் யானையை மறுக்கவில்லை. 'உத்தமன்' என்ற பெயரை அட்டையில் பார்க்க ஒட்டகச் சிவிங்கியைக்கூட அவர் பாசஞ்சரில் ஏற்றியிருப்பார்.

எழுதுவதற்கு அவரிடம் இரண்டு வகைக் காகிதம் இருந்தது. கொலைகளுக்கு, திருவேங்கடம் கொடுக்கும் வெள்ளைத்தாள். 'ஏரி'க்கு, ஸ்டோர்ஸில் கழித்துப்போட்ட பழைய படிவங்களின் பின்பக்கம். முன்பக்கத்தில் சிங்க முத்திரையும், சிவப்பில் 'இரகசியம், வெளியார் கையில் சேரக் கூடாது' என்ற ரப்பர் ஸ்டாம்பும் இருக்கும். கீழே எழுதியிருந்ததெல்லாம் எத்தனை துடைப்பம், எத்தனை பாட்டில் பினாயில் என்ற கணக்குதான். ஆபீஸில் அதில் வடை மடித்துக் கொடுப்பார்கள்.

இன்னொரு வைராக்கியமும் அவருக்கு உண்டு. வஜ்ரவேல் எழுதி அச்சான நாவலை அவர் கையால் தொடமாட்டார். எழுதிய பாவம் போதும், படித்த பாவம் வேறு எதற்கு? மனைவி கஸ்தூரிதான் அவற்றை வாங்கி டிரங்குப் பெட்டியில் அடுக்குவாள். கஸ்தூரி கொலை நாவல்களை ஒரே மூச்சில் படித்துவிடுவாள். 'ஏரி'யை அவர் வாசித்துக் காட்டினால் இரண்டாவது பக்கத்தில் குறட்டை கேட்கும்.

"ரொம்ப ஆழமா இருக்குங்க," என்பாள், எழுந்ததும்.

மூன்றே நாளில் தொண்ணூற்றாறு பக்கம் எழுத வேண்டும். உத்தமன் லீவு போட்டார். 'மாமியாருக்கு உடல்நிலை கவலைக்கிடம்' என்று எழுதிக் கொடுத்தார். மாமியார் கன்னியம்மா சேக்காட்டில் கல் மாதிரி இருந்தாள்.

திங்கள்கிழமை பத்து மணிக்கு உத்தமன் கைலியோடு உட்கார்ந்து, யானைக்கு வழி கண்டுபிடித்துவிட்டார். கடத்தல்காரர்கள் வைரத்தை வெல்ல உருண்டைக்குள் வைத்துக் கோயில் யானைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பச்சைப் புடவைக்காரி துப்பாக்கியோடு யானைக்குப் பின்னாலேயே காத்திருக்கிறாள். எதற்காகக் காத்திருக்கிறாள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். உற்சாகமாகப் பேனாவை உதறினார். கதவு தட்டப்பட்டது.

வாசலில் செக்‌ஷன் சூப்பரின்டென்டென்ட் மனோகரன், கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நின்றார். தங்கமான மனுஷர். அதுதான் ஆபத்து.

"மனசு கேக்கல உத்தமன். அம்மா எங்கே?"

"தூங்கறாங்க சார்."

"தூங்கட்டும், தூங்கட்டும். முழிச்சதும் பார்த்துட்டே போறேன்," என்று மனோகரன் நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்தார்.

உத்தமன் சமையலறைக்குள் பார்த்த பார்வையில் கஸ்தூரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பின்கதவு வழியாக ஓடினாள். ஆட்டோ பிடித்து சேக்காடு போய், மாவு அரைத்துக்கொண்டிருந்த அம்மாவை அப்படியே அள்ளிக்கொண்டு, பின்கதவு வழியாகவே வந்து கட்டிலில் படுக்கப்போட்டு, கழுத்துவரை போர்த்தினாள். அதற்குள் மனோகரன் மூன்று டம்ளர் காப்பி குடித்து முடித்திருந்தார்.

"என்னம்மா பண்ணுது?" என்றார் மனோகரன் கனிவோடு.

கன்னியம்மாவுக்கு விவரம் சொல்ல நேரமிருக்கவில்லை. "மாவு பொங்கிடும்," என்றாள்.

"ஐயோ, பிதற்றுறாங்களே!" மனோகரன் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். "கை ஏன் வெள்ளையா, ஜில்லுன்னு இருக்கு?"

"அதான் சார் எங்களுக்கும் பயம்," என்றார் உத்தமன். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

மனோகரன் ஓடினார். கால் மணி நேரத்தில் தொழிற்சாலை ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் மணியடித்துக்கொண்டு வந்து நின்றது. குவார்ட்டர்ஸே தெருவில் கூடியது. கன்னியம்மா வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்ட்ரெச்சரில் ஏறினாள். டாக்டர் அரை மணி நேரம் தட்டிப் பார்த்தார், குத்திப் பார்த்தார். ஒன்றும் தென்படவில்லை.

"ஒண்ணுமே தெரியல. அதான் யோசனையா இருக்கு. ரெண்டு நாள் வச்சுப் பார்ப்போம்," என்றார்.

உத்தமனுக்கு அழுகையே வந்துவிட்டது. நர்ஸ் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டாள்.

பெண்கள் வார்டுக்கு வெளியே வராந்தாவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் எழுதினார். கன்னியம்மாவுக்கு மேலே ஃபேன், வேளாவேளைக்குப் பாலும் ரொட்டியும். படு சந்தோஷம். பொழுது போகாமல் மாப்பிள்ளை எழுதியதைக் கஸ்தூரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டதைப் பக்கத்துக் கட்டிலுக்குச் சொன்னாள். மாலைக்குள் வார்டு முழுக்க யானைக் கதை பரவிவிட்டது.

"மாப்ள," என்று ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். "யானைக்கு வெளக்கெண்ண குடுத்தா வைரம் வந்துடுமே. அந்தப் பொண்ணுக்கு ஏன் இது தோணல?"

"அப்படிக் குடுத்தா கதை பன்னெண்டாம் பக்கத்துலயே முடிஞ்சிடும் அத்தை."

"நல்லதுதானே. அந்தப் பொண்ணு பாவம், எவ்ளோ நேரம் நிப்பா?"

எட்டாம் நம்பர் கட்டில், விளக்கெண்ணெய் யானைக்கு ஆகாது என்றது. பதினொன்றாம் நம்பர், தன் மாமனார் யானைப் பாகன் என்றும் ஆகும் என்றும் அடித்துச் சொன்னது. நர்ஸ் வந்து சத்தம் போட்டுவிட்டு, கடைசியில் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இந்த அமளிக்கு நடுவில் உத்தமன் செவ்வாய் முழுக்க எழுதினார், புதன் காலையும் எழுதினார். மாமியாரை டிஸ்சார்ஜ் செய்துகொண்டு, அப்படியே அம்பத்தூருக்கு ரயில் ஏறினார்.

திருவேங்கடம் கதையைப் படிக்கிற வழக்கமில்லை. எண்ணுவார். எச்சில் தொட்டு எண்ணி முடித்து நிமிர்ந்தார்.

"அச்சுல எண்பது பக்கம்தான் வரும். பதினாறு குறையுது."

"எண்பதோட நிறுத்திக்கலாமே சார்?"

"அட்டையில 'தொண்ணூத்தாறு பக்க முழு நாவல்'னு அச்சாயிருக்கே." அட்டை மறுபடி ஜெயித்தது. "ஒரு ஃபாரம் பூரா காலி. பதினாறு பக்கத்துக்கு என்ன போடறது? ரயில்வே டைம்டேபிளா? உங்களால இன்னைக்குள்ள முடியாதுன்னா சொல்லிடுங்க. இந்த மாசம் வேற யாரையாவது வச்சு..."

பதினோரு வருடம் கண்ணெதிரே கரைவது உத்தமனுக்குத் தெரிந்தது. அந்தக் கணத்தில்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. உதித்ததும் உடம்பு சிலிர்த்தது.

"சார், அறுபத்தி நாலாம் பக்கத்துல இன்ஸ்பெக்டர் தேவராஜ் யானையைத் துரத்திக்கிட்டுப் போறார் இல்லியா? யானை தண்ணி குடிக்க ஏரிக்குப் போகட்டும். கரையில ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கார். அவரோட கதை ஒரு பதினாறு பக்கம். என்கிட்ட ரெடியா இருக்கு."

"யானை உண்டா?"

"ஓரமா தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கும்."

"அப்ப சரி. நாளைக்குக் காலையில லோகநாதன் கையில வந்துடணும்."

அது 'ஏரி'யின் மூன்றாவது அத்தியாயம். உத்தமன் தன் எழுத்திலேயே சிகரம் என்று நினைத்தது. அதில் ஒரு கிழவர் விடியற்காலையில் ஏரிக்கரையில் உட்கார்ந்து பனியைப் பார்க்கிறார். பதினாறு பக்கமும் பார்க்கிறார். கடைசியில் பனி விலகுகிறதா இல்லையா என்பது வாசகன் முடிவுக்கு விடப்படுகிறது.

வெளியே வரும்போது லோகநாதனிடம் விஷயத்தைச் சொன்னார்.

"பழைய காலத்துல இந்த ஏரிப் பாசனத்துல வேலை செஞ்ச ஜனங்களைப் பத்தினது லோகநாதன். எழுத்துப் பிழையில்லாம கோக்கணும். இது வஜ்ரவேல் இல்ல, நான்."

லோகநாதன் முகம் மலர்ந்தது. "எங்கம்மாகூட இந்த ஏரித் தண்ணில தான் நாத்து நட்டுச்சு சார். அது ஒருவாட்டி இன்னா பண்ணுச்சு தெரியுமா..."

"அப்புறம் சொல்லுங்க லோகநாதன், ரயிலுக்கு நேரமாச்சு," என்று உத்தமன் ஓடினார்.

லீவு முடிந்துவிட்டது. மறுநாள் வேலைக்குப் போகவேண்டியிருந்ததால் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு போகிற பொறுப்பு கஸ்தூரிக்கு வந்தது.

"ஏங்க, வெள்ளைத்தாள்ல ஒரு நகல் எழுதிக்கலாமே? இது ஒண்ணுதானே இருக்கு?"

"நேரமில்ல கஸ்தூரி. அச்சகத்துல கையெழுத்துக் காப்பியைப் பத்திரமா வச்சிருப்பாங்க. அப்புறம் வாங்கிக்கலாம்."

கஸ்தூரி அந்தத் தாள்கட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய், லோகநாதன் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள்.

ஒன்றாம் தேதி புத்தகம் கடைகளில் தொங்கியது. அம்பத்தூர் ஸ்டேஷன் கடையில் பச்சைப் புடவைக்காரி காற்றில் ஆடுவதைப் பார்த்தும் உத்தமன் தொடவில்லை. தொடவேண்டும்போல் கை பரபரத்தது உண்மை. அந்தப் பதினாறு பக்கத்தை மட்டும் தடவிப் பார்த்தால் என்ன என்று இருந்தது. ஆனால் யானைக்கும் வெல்ல உருண்டைக்கும் நடுவில் தன் கிழவரைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. பெண்ணைப் பிடிக்காத இடத்தில் கட்டிக் கொடுத்த அப்பன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது கஸ்தூரி கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம்.

"என்னாச்சு?"

"அந்த ஏரிக்கரைக் கதை..." என்று மூக்கை உறிஞ்சினாள். "ஏங்க, நெசமாவே இதை நீங்களா எழுதினீங்க?"

கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவள் அவரைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"அச்சுல பார்த்தாதான் உனக்குப் புரியுது," என்றார்.

பத்து நாள் கழித்துத் திருவேங்கடம் தொழிற்சாலைக்கே போன் போட்டுக் கூப்பிட்டார். உத்தமன் பதறிக்கொண்டு போனார். மேசைமேல் தபால் கார்டுகள் ஒரு சாண் உயரம் இருந்தன.

"யானையைப் பத்தித் திட்டியிருக்காங்களா சார்?"

"யானையை ஒருத்தன்கூடக் கண்டுக்கல. கேளுங்க." திருவேங்கடம் ஒரு கார்டை எடுத்தார். "காட்டுப்பாக்கத்துலேருந்து சின்னசாமி, ஓய்வு பெற்ற ஆசிரியர். 'அறுபத்தைந்து முதல் எண்பதாம் பக்கம் வரை மூன்று முறை படித்தேன். என் பேரனுக்கும் படித்துக் காட்டினேன்.' இது சண்முகசுந்தரம், அம்பத்தூர் எஸ்டேட். 'எங்கள் லேத் பட்டறையில் ஒருவர் படிக்க எல்லோரும் கேட்டோம். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டோம்.'"

உத்தமன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பதினோரு வருடம். குறட்டைகள். பினாயில் கணக்கின் பின்பக்கங்கள். எல்லாவற்றுக்கும் இன்று பதில் வந்துவிட்டது. அவர் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை.

"இதைக் கேளுங்க. பூந்தமல்லி ஜமீலா. 'அந்த அம்மா ஏரி மீனை மடியில் கட்டிக்கொண்டு வரும்போது, காவல்காரன் வழிமறித்துக் கேட்க, பிள்ளை உண்டாகியிருக்கிறேன் என்று சொல்லும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தேன். மடிக்குள் மீன் துள்ள, பிள்ளை உதைக்கிறது என்று அவள் சொன்னதும், ஏனோ அழுதுவிட்டேன்.'"

உத்தமன் புருவத்தைச் சுருக்கினார். "மீனா?"

"மீனுன்னுதான் எழுதியிருக்கு."

உத்தமன் கொஞ்சம் யோசித்தார். மூன்றாவது அத்தியாயம் எழுதி ஏழெட்டு வருடம் இருக்கும். பனி ஞாபகம் இருந்தது. மீன் ஞாபகம் இல்லை. ஆனால் பனி இருந்தால் ஏரி இருக்கும், ஏரி இருந்தால் மீன் இருக்கத்தானே செய்யும்?

"சார்," என்றார் குரல் தழுதழுக்க. "நல்ல வாசகன் எழுதினதைப் படிப்பான். உன்னதமான வாசகன் எழுதாததையும் படிப்பான். பூந்தமல்லியில எனக்கு அப்படி ஒரு வாசகி!"

"யார் படிச்சா என்ன, ரெண்டாவது தடவை அச்சுக்குப் போகுது," என்றார் திருவேங்கடம். "வாக்குக் குடுத்தது குடுத்ததுதான். அடுத்த மாசம் உங்க ஏரி. முழுசா. அஞ்சு பாகமாப் போட்டுடலாம். உங்க சொந்தப் பேர். சிவகாசிக்கு ஆர்டர் போயாச்சு."

அடுத்த பத்து நாளில் உத்தமன் நடந்த நடையே வேறு. மனோகரனுக்கு விஷயம் தெரிந்து ஆபீஸில் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். மாமியார் குணமானதற்கும் சேர்த்து. கன்னியம்மா, "எல்லாம் நான் ஆஸ்பத்திரியில படுத்த ராசி," என்று சேக்காடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம், 'ஏரி' மொத்தத்தையும் அரிசிச் சாக்கில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு உத்தமன் அச்சகத்துக்குள் நுழைந்தார். திருவேங்கடம் சாப்பிடப் போயிருந்தார். மேசைமேல் புது அட்டை, மை வாசனையோடு கிடந்தது. 'ஏரி.' அதற்குக் கீழே, கொட்டை எழுத்தில், 'உத்தமன்'. ஓரத்தில் அதே யானை. ராசியானது என்று திருவேங்கடம் விடாமல் கேட்டு வாங்கிப் போட்டிருந்தார்.

உத்தமன் யானையை மன்னித்தார். தன் பெயரை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, சாக்கை லோகநாதனுக்கு முன்னால் இறக்கினார்.

"எல்லாம் இதுல இருக்கு லோகநாதன். மூணாவது அத்தியாயம் மட்டும்தான் இல்ல. அந்தக் காப்பியை எடுத்துக் குடுங்க, சேர்த்துக் கட்டிடலாம். அதுக்கு வேற நகல் கெடையாது."

லோகநாதன் கையிலிருந்த எழுத்துக்கட்டையைக் கீழே வைத்தார். வேலை நேரத்தில் அவர் அதைக் கீழே வைத்து உத்தமன் பார்த்ததே இல்லை.

"சார், கோச்சிக்கக் கூடாது. அந்தக் காயிதத்த திருப்பிப் பாத்தேன். சிங்கம் போட்டு, செவப்புல 'ரகசியம், வெளியார் கைல சேரக் கூடாது'ன்னு இருந்துச்சு. டிபென்ஸ் காயிதம் உன் கைல எப்படிடா வந்துச்சுன்னு போலீஸ்காரன் இட்டுகினு போனா நான் இன்னா சொல்றது? புள்ளகுட்டிக்காரன். எதுத்தாப்ல டீக்கட பாய்லர்ல போட்டுட்டேன்."

சிகரம் பாய்லரில் போய்விட்டது. பதினாறு பக்கப் பனியும் டீயாகிவிட்டது. ஆனால் மேசைமேல் அட்டை இருந்தது, அட்டையில் உத்தமன் பெயர் இருந்தது. பெருந்தன்மையாக இருப்பதற்கு அதைவிட நல்ல சமயம் வராது.

"சரி, விடுங்க," என்று லோகநாதன் தோளில் தட்டினார். "காகிதம் போனா என்ன? அதான் அச்சுல இருக்கே. புத்தகத்தைப் பார்த்தே மறுபடி கோத்துடலாம். நல்லவேளை, கோத்து முடிச்சப்புறம்தானே பாய்லர்ல போட்டீங்க?"

லோகநாதன் மைக் கையைத் துணியில் துடைத்தார். சாக்கைப் பார்த்தார். உத்தமனைப் பார்த்தார். பிறகு, ஒத்தாசை செய்கிற குரலில் சொன்னார்:

"கோக்கறதுக்கு மின்னாடியே சார், பதினாறு பக்க பாரம் காலியா கீதேன்னு எங்கம்மா கதைய நானே நின்னுகினு கோத்து உட்டுட்டேன்... மிச்ச ஏரியையும் அப்டியே நானே கோத்துடறேன், இந்த சாக்க பாய்லர்ல போட்டுட்டு வந்துடட்டா?"